விலாசம் இல்லாத முகங்கள்

வியாபாரத்தில் சரக்குக்கு முன்னால் பெயர் வந்து நிற்கும். நாகப்பட்டினம் கடைத்தெருவில் இரண்டு மூட்டை துவரம் பருப்பு கடனுக்குக் கேட்டு வருபவரிடம் நாம் முதலில் கேட்பது, "எந்தக் கடை, யார் மகன்?" என்பதுதான். பதில் சரியாக வந்துவிட்டால் மூட்டை வண்டியில் ஏறிவிடும். வராவிட்டால், அவர் ரொக்கமே நீட்டினாலும் நோட்டை இரண்டு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம்.

இன்று பாதி வியாபாரம் செல்போனில் நடக்கிறது. ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது. பணம் யுபிஐயில் வருகிறது. எதிராளியின் முகம் என்று நாம் பார்ப்பதெல்லாம் நகக்கண் அளவு வட்டத்துக்குள் இருக்கும் ஒரு படம். அந்தப் படம் அவருடையதுதானா, அந்தப் பெயர் அவருடையதுதானா என்று கேட்கும் பழக்கம் மட்டும் நமக்கு இன்னும் வரவில்லை. மனிதர்கள் ஏன் பிறர் முகத்தையும் இல்லாத பெயரையும் போட்டுக்கொள்கிறார்கள் என்ற கேள்வியை நமது இதழில் எடுத்துக்கொள்ளக் காரணம், அந்த வேடம் நம் கல்லாப்பெட்டி வரை வந்துவிட்டதுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெயரையோ முகத்தையோ மறைப்பவரெல்லாம் திருடர் அல்லர். நம் வீட்டுப் பெண்களின் செல்போனைப் பாருங்கள். சிக்கல் சிங்காரவேலர் இருப்பார், வேளாங்கண்ணி மாதா இருப்பார், நாகூர் தர்கா மினார் இருக்கும், இல்லாவிட்டால் ஒரு ரோஜாப்பூ. தம் முகத்தைப் போட்டால் யாராவது எடுத்து என்ன செய்வானோ என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பூவைப் போட்ட பெண் தன்னைப் பூ என்று சொல்லி யாரையும் ஏமாற்றவில்லை.

எழுத்துலகில் இந்த வழக்கம் பழையது. மயிலாடுதுறை வட்டாரத்தில் பிறந்த ரா. கிருஷ்ணமூர்த்தியை 'கல்கி' என்றுதான் ஊர் அறியும். எஸ். ரங்கராஜன் எழுத வந்தபோது அந்தப் பெயரில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் எழுதிக்கொண்டிருந்ததால், மனைவியின் பெயரைப் போட்டுக்கொண்டு 'சுஜாதா' ஆனார். ஆண் பெண் பெயரில் எழுதினார் என்று யாரும் வழக்குப் போடவில்லை. எழுத்தைப் பற்றிக் குறை இருந்தால் பத்திரிகை அலுவலகத்துக்குக் கடிதம் போடலாம். பதில் சொல்ல ஆள் இருந்தார்.

இதைவிடப் பெரிய உதாரணம் நம் மாவட்டத்து மண்ணிலேயே உண்டு. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரகிகள் நடந்து வந்தார்கள். அப்போதைய தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறு போடுகிறவர்களும் இடம் கொடுப்பவர்களும் தண்டிக்கப்படுவார்கள் என்று அறிவித்தார். சோறு நிற்கவில்லை. சாலையோர மரக்கிளைகளில் பொட்டலங்கள் தொங்கின. கட்டிவைத்தவர் யார் என்று பொட்டலத்தில் எழுதவில்லை. அரிசி யார் கடையிலிருந்து போனது என்றும் எழுதவில்லை. அந்தப் பெயர்களைக் கேட்டு வாங்கியிருந்தால் சிறைதான் நிரம்பியிருக்கும்.

ஆகவே பெயரை மறைப்பது ஒன்று, பொய்ப் பெயரால் பிறர் பொருளைப் பறிப்பது வேறொன்று. இரண்டையும் ஒரே தராசில் போட்டால் கணக்கு தப்பும்.

வியாபாரிகளாகிய நமக்கு இது புரியாத விஷயமும் அல்ல. நம் கடைப் பெயர்ப்பலகையில் இருப்பது பெரும்பாலும் நம் பெயர் இல்லை. சாமி பெயர் இருக்கும், பாட்டனார் பெயர் இருக்கும், பிறந்து மூன்று மாதமான மகள் பெயரும் இருக்கும். நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி செய்தபோது மூன்று நான்கு எழுத்துகள் கொண்ட 'விலாசம்' வைத்துக்கொண்டார்கள். ரங்கூனில் அந்த விலாசத்தில் எழுதிய உண்டியலுக்குச் செட்டிநாட்டில் மரியாதை இருந்தது. எழுத்துகளைப் பார்த்து யாரும் பணம் கொடுக்கவில்லை. அந்த எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருந்தது; குடும்பத்துக்குப் பின்னால் வீடு இருந்தது. விலாசம் கெட்டால் மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்ற நிலை இருந்தது. நம் ஊர்ச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை ராஜராஜ சோழன் கொடுத்ததைச் சொல்லும் 21 ஏட்டுச் செப்பேடுகளை ஒரு வளையத்தில் கோத்து, அந்த வளையத்தில் சோழ முத்திரையைப் பதித்தார்கள். மகாராஜாவின் வார்த்தையாக இருந்தாலும் முத்திரை வேண்டியிருந்தது. கண்காணாத தூரத்தில் இருப்பவரோடு கொடுக்கல் வாங்கல் செய்வதற்கு மனிதர்கள் கண்டுபிடித்த வழிகள் இவை. இன்று தூரம் மட்டும் அப்படியே இருக்கிறது. முத்திரையை எவர் வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் செய்துகொள்கிறார். மாட்டிக்கொண்டால் போவது ஒரு சிம் கார்டு. அதுவும் பெரும்பாலும் வேறொருவர் பெயரில் வாங்கியது. பொய் முகம் இவ்வளவு பெருகியதற்கு, நம் பார்வையில், இதுவே பெரிய காரணம். ஆசை என்றைக்கும் இருந்தது, செலவுதான் குறைந்துவிட்டது.

இனி வேடம் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்று பார்ப்போம். இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும்.

நாடு முழுவதும் மளிகைக் கடைகளையும் ஓட்டல்களையும் குறிவைத்து நடக்கும் ஒரு மோசடி உண்டு. கடைக்கு போன் வரும். பேசுபவர் ராணுவத்தில் இருப்பதாகவும், பக்கத்தில் முகாம் போட்டிருப்பதாகவும் சொல்வார். வாட்ஸ்அப் படத்தில் சீருடை. கேட்காமலே அடையாள அட்டையின் படமும் வந்துவிடும். அரிசி இத்தனை மூட்டை, எண்ணெய் இத்தனை டின், சர்க்கரை இத்தனை என்று பெரிய பட்டியல். விலையில் பேரம் இல்லை. (பேரம் பேசாமல் மொத்தச் சரக்கு எடுப்பவரைப் பார்த்தால் நமக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் அன்றைய தினம் சந்தோஷம்தான் வருகிறது.) சரக்கைக் கட்டி முடித்ததும் மறுபடி போன். "எங்கள் கணக்குப் பிரிவில் பணம் அனுப்பும் முறை வேறு. இந்தக் கியூஆர் படத்தை ஸ்கேன் செய்யுங்கள், உங்களுக்குப் பணம் வந்துவிடும்" என்பார். நம்பிக்கைக்காக ஐந்து ரூபாய் அனுப்பச் சொல்லி, பத்து ரூபாயாகத் திருப்பிப் போடுவார். அடுத்த ஸ்கேனில் பின் நம்பரை அழுத்தியதும் நம் கணக்கில் இருந்தது போய்விடும். கட்டிய மூட்டைகள் கடை வாசலிலேயே கிடக்கும்.

பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. கியூஆர் ஸ்கேன் செய்வது பணம் கொடுப்பதற்கு. இது நம் கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் ஏன் விழுகிறார்கள்? சீருடைதான் காரணம். ராணுவ வீரரிடம் "உங்கள் விலாசம் என்ன, முகாம் எங்கே, நேரில் வாருங்கள்" என்று கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்கிறோம். அவரை நம்புவதே தேசபக்தி என்று தோன்றுகிறது. அதை அறிந்துதான் அந்த வேடம் போடப்படுகிறது. வேடக்காரன் கண்ணாடியைப் பார்த்து வேடம் போடுவதில்லை, நம்மைப் பார்த்துத்தான் போடுகிறான். நாம் யாரைக் கண்டு எழுந்து நிற்கிறோமோ அவர் முகம் அவனுக்கு வேண்டும். பயந்தவருக்குப் போலீஸ், கடன் தேடுபவருக்கு பாங்கு மேனேஜர், தனிமையில் இருப்பவருக்கு அழகான பெண், கணக்குப் பிள்ளைக்கு முதலாளியின் படம். முதலாளி படத்தை வைத்து, "கூட்டத்தில் இருக்கிறேன், பேச முடியாது, உடனே இந்தக் கணக்குக்குப் பணம் போடு" என்று செய்தி வந்து, விசுவாசமான ஊழியர்கள் அனுப்பிவைத்த கதைகள் பல ஊர்களில் உண்டு. விசுவாசம்தான் அங்கே பறிபோன பொருள்.

சின்ன வியாபாரிகளுக்குத்தான் இந்த கதி என்று யாரும் எண்ண வேண்டாம். நூல் வியாபாரத்தில் நாடறிந்த வர்த்தமான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலிடம் 2024ல் சி.பி.ஐ. அதிகாரிகள் என்று சொல்லி வீடியோவில் பேசினார்கள். உச்ச நீதிமன்றம் போல் ஒரு காட்சியை அமைத்து, அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் என்று ஒருவரைப் பேசவைத்தார்கள். 80 வயதைக் கடந்த, லூதியானாவில் பெரிய ஆலைகளை நடத்துகிற மனிதர் 7 கோடி ரூபாயை மாற்றிக் கொடுத்தார். போலீசார் அதில் 5 கோடிக்கு மேல் மீட்டார்கள். 'டிஜிட்டல் கைது' என்று சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று பிரதமரே அந்த ஆண்டு அக்டோபரில் வானொலியில் சொல்ல வேண்டியதாயிற்று.

பொய்ப் பெயருக்குப் பெரிய வித்தியாசம்கூடத் தேவையில்லை, ஓர் எழுத்து போதும். 2020 மார்ச்சில் கொரோனா நிவாரணத்துக்குப் பிரதமர் பெயரில் நிதி தொடங்கியபோது, அதன் யுபிஐ முகவரியிலிருந்து ஒரே ஓர் எழுத்தைக் குறைத்துப் போலி முகவரி ஒன்று கிளம்பியது. அதைக் கேட்டு நாம் ஆச்சரியப்படுவது வேடிக்கை. ஓர் எழுத்து மாறிய சோப்பும், அதே நிறத்து உறையில் தேயிலைத் தூளும், ஒரு புள்ளி கூடிய பேட்டரியும் எத்தனை மளிகைக் கடைகளின் அலமாரியில் இருந்தன, இருக்கின்றன? கிராமத்திலிருந்து வரும் எழுதப் படிக்கத் தெரியாத கிழவி நிறத்தைப் பார்த்து வாங்கிப் போவார் என்று தெரிந்தேதான் அது அங்கே வைக்கப்படுகிறது. மார்ஜின் அதிகம் என்பார்கள். வேடக்காரனும் அதையேதான் சொல்வான்.

சொல்ல வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம், சிலருக்குக் கசக்கலாம். கூகுள் வரைபடத்தில் கடைக்கு நட்சத்திரம் போடும் வழக்கம் வந்திருக்கிறது. வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் வருகிற வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துத்தான் எந்த ஓட்டல், எந்தக் கடை என்று முடிவு செய்கிறார்கள். சொந்தக் கடைக்கு மச்சான், மருமகன், கடைப் பையன் எல்லோர் பெயரிலும் ஐந்து நட்சத்திரம். எதிர்க்கடைக்கு இல்லாத ஒருவர் பெயரில் "பருப்பில் வண்டு இருந்தது" என்று ஒரு நட்சத்திரம். நேரில் அந்தக் கடைக்காரரைப் பார்த்தால் "வாங்கண்ணே, டீ சாப்பிடலாம்" என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லாததைச் சொல்வதற்குப் பொய்ப் பெயர் ஒரு திரை. இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கென்று ஐ.எஸ். 19000 என்ற தர விதியே வெளியிட்டது என்றால், இந்த வியாதி எவ்வளவு தூரம் பரவியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்க்கடையில் வண்டு இருந்தால் நேரில் சொல்லலாம், சங்கத்தில் சொல்லலாம், உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். மூன்றுக்கும் கையெழுத்து வேண்டும்.

நமது தொழிலுக்கென்றே உள்ள பொய் முகம் போலி நிறுவனம். யாரோ ஒரு கூலித் தொழிலாளியின் ஆதாரையும் பான் அட்டையையும் வைத்து ஜி.எஸ்.டி. பதிவு எடுப்பார்கள். சரக்கே நகராமல் பில் மட்டும் ஊர் சுற்றும். இத்தகைய பதிவுகளைக் கண்டுபிடிக்க 2023 மே மாதத்திலும், மறுபடி 2024 ஆகஸ்டிலும் நாடு முழுவதும் தனிச் சோதனை நடத்தினார்கள். இதில் அகப்படுவது போலி ஆசாமி மட்டுமல்ல. அவனிடம் நல்லெண்ணத்தோடு கொள்முதல் செய்தவர், வரியைக் கொடுத்திருந்தும், அவன் அதை அரசுக்குக் கட்டாததால் உள்ளீட்டு வரி வரவை இழந்து வட்டியோடு கட்டுகிறார். புதிய சப்ளையரின் 15 இலக்க எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டால் பெயரும், பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதும் வந்துவிடும். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும். தமிழ்நாடு 33, புதுச்சேரி 34. காரைக்கால் சரக்கு என்று சொல்லிக்கொண்டு 33ல் தொடங்கும் பில்லை ஒருவர் நீட்டினால், காரணம் கேட்பதில் தவறில்லை.

வாடகைக் கணக்கு விவகாரமும் இதோடு சேர்ந்ததுதான். "உங்கள் கரண்ட் அக்கவுண்டைக் கொஞ்ச நாள் பயன்படுத்திக்கொள்கிறோம், கமிஷன் தருகிறோம்" என்று வருபவர்களுக்கு வேண்டியது நம் முகம். அவர்கள் போடும் வேடத்துக்கு நம் பெயர்ப்பலகையை இரவல் கேட்கிறார்கள். கொடுத்தால் வழக்கு நம் பெயரில்தான் வரும். கொடுக்காதவர்களுக்கும் தொல்லை உண்டு. எங்கோ ஏமாந்தவர் புகார் செய்ய, அந்தப் பணத்தில் ஒரு சிறு தொகை கைமாறி வந்து நம் கடையில் சரக்கு வாங்கப் பயன்பட்டிருந்தால், ஒரு பாவமும் அறியாத கடைக்காரரின் கணக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது. கேரளத்து வியாபாரிகள் இதனால் பட்ட பாடு சில ஆண்டுகளுக்கு முன் பெரிய செய்தியானது. சந்தேகப்பட்ட தொகையை மட்டும் நிறுத்தாமல் மொத்தக் கணக்கையும் முடக்குவது அநியாயம் என்பது நமது உறுதியான கருத்து.

திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யார்? பணத்தை இழந்தவருக்கு அவன் அரக்கன். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. மியான்மர், கம்போடியா, லாவோஸ் நாடுகளில் வேலி போட்ட வளாகங்களுக்குள் இந்தத் தொழில் நடக்கிறது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம் என்ற ஏஜெண்டின் பேச்சை நம்பிப் போன இளைஞர்களை எல்லை தாண்டிக் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பறித்துவைத்து, பெண் படத்தைப் போட்டு வெளிநாட்டு ஆண்களை ஏமாற்றும் வேலையில் உட்காரவைத்தார்கள். மறுத்தால் அடி. 2022ல் மியான்மரின் மியாவாடி பகுதியில் சிக்கியிருந்தவர்களில் தமிழக இளைஞர்களும் இருந்தார்கள். மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். டெல்டாவில் வேலை இல்லாமல் வெளிநாடு போகாத வீடு எந்தத் தெருவில் இருக்கிறது? பொய்யான ஏஜெண்டிடம் ஏமாந்த பையன் பொய்யான பெண்ணாகி இன்னொருவரை ஏமாற்றுகிறான். அவன் அனுப்பும் செய்தி நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் போனிலேயே வந்து விழலாம்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து, எல்லோரும் ஆதாரைக் காட்டிவிட்டுத்தான் இணையத்தில் வாய் திறக்க வேண்டும் என்று சட்டம் போடுவது என்று நம்மில் சிலர் பேசக் கேட்டிருக்கிறோம். நாம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. தென்கொரியாவில் 2007ல் பெரிய இணையதளங்களுக்கு இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். 2011ல் அங்கே ஒரு பெரிய தளத்திலிருந்து சுமார் 3 கோடியே 50 லட்சம் கணக்குகளின் விவரம் திருடுபோயிற்று. மெய்யான பெயரும் எண்ணும் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால் பொய் முகம் செய்பவனுக்கு அது மொத்த மண்டி. 2012ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அதிகாரி லஞ்சம் கேட்டதைப் பெயர் சொல்லாமல் எழுத வேண்டிய நிலையில் நம் உறுப்பினர்களே இருக்கிறார்கள். வேதாரண்யம் சாலை மரங்களை நாம் மறந்துவிடக்கூடாது.

சட்டத்தில் இடமும் இல்லாமல் இல்லை. 1860ம் வருடத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 416ம் பிரிவு ஆள்மாறாட்ட மோசடிக்குக் கொடுத்த முதல் உதாரணமே, அதே பெயருள்ள ஒரு பணக்கார வங்கியாளராக நடித்து ஏமாற்றுவதுதான். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களும் கொடுக்கல் வாங்கலைத்தான் முதலில் நினைத்திருக்கிறார்கள். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 319ம் பிரிவு இதற்கு 5 ஆண்டு வரை சிறை என்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66டி பிரிவும் இருக்கிறது. ஆளைப் பிடிப்பதுதான் பாடு.

ஆகவே பேச்சுக்குப் பெயர் கேட்க வேண்டாம், பணத்துக்குக் கேட்போம். முன்பின் தெரியாதவர் ஆர்டர் கொடுத்தால், அவர் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, அவர் சொல்லும் அலுவலகத்தின் எண்ணை நாமே தேடிப் பேச வேண்டும். மேலதிகாரி, முதலாளி, உறவினர் யார் படத்தில் பணம் கேட்டு வந்தாலும், குரலைக் கேட்காமல் அனுப்புவதில்லை என்று கடைக்குக் கடை ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம். குரலையும் இப்போது கம்ப்யூட்டரில் செய்கிறார்கள் என்பதால், நமக்கும் கணக்குப் பிள்ளைக்கும் மட்டும் தெரிந்த ஒரு வார்த்தை இருப்பது நல்லது. பணம் அனுப்பியதாக வாடிக்கையாளர் காட்டும் படத்தை நம்பி, மாலை நேரக் கூட்டத்தில் சரக்கைக் கொடுத்துவிட வேண்டாம். சவுண்ட் பாக்ஸ் சொல்லட்டும், அல்லது நம் போனில் வரட்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காமல் அந்த நிமிடமே 1930க்குப் பேச வேண்டும். நேரம் போகப் போகப் பணம் பல கணக்குகளாகப் பிரிந்துவிடும்.

காலையில் கடை திறந்து சாம்பிராணி போடும் முன், கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையை விரலால் ஒரு தடவை தடவிப் பாருங்கள். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் பெட்ரோல் பங்க் உள்பட பல கடைகளின் அட்டை மேல் இரவோடு இரவாக வேறு அட்டையை ஒட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் வாடிக்கையாளர்கள் ஒழுங்காகத்தான் பணம் செலுத்தினார்கள். கடைக்காரர்களும் தம் கடையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அட்டையில் இருந்த பெயர் மட்டும் வேறு யாருடையதோ.